கெட்டுக்கு யார் சாட்சி?
தென் திருவிதாங்கூரிலிருந்து வழக்கமும் சட்டமும் சோரமும் பற்றி

குமரி மாவட்டத்தில் கல்யாணத்தைக் 'கெட்டு' என்பார்கள். கெட்டினவன், கெட்டினவள், கெட்டிக் கொடுத்த வீடு என்று பேச்சு போகும். கெட்டு அறுந்தால் 'தீத்தாச்சு' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். பத்திரம் எழுதினால் அதற்கு 'ஒழிமுறி' என்று பெயர். 2012இல் வந்த ஒரு மலையாளப் படத்துக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். ஊருக்குள் இவ்வளவு தெளிவாக இருக்கிற ஒரு விஷயம், நாகர்கோவிலிலோ பத்மநாபபுரத்திலோ கோர்ட்டுப் படியேறியவுடன் ஒன்றும் தெரியாத விஷயமாகிவிடுகிறது. "ஐயர் வந்தாரா? அக்கினி வளத்தீங்களா? ஏழு அடி சுத்துனீங்களா? பத்திரிகை அடிச்சீங்களா? போட்டோ இருக்கா?" எல்லாவற்றுக்கும் "இல்ல" என்று பதில் சொல்கிற பெண்ணிடம் அடுத்து வருகிற கேள்வி: "அப்ப கல்யாணமே நடக்கலன்னு சொல்லலாமா?"

இந்தக் கேள்வியின் வரலாற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எவருடைய கல்யாணத்துக்குச் சாட்சி வேண்டாம், எவருடைய கல்யாணத்துக்கு ஒவ்வொரு முறையும் சாட்சி வேண்டும் என்பதைச் சாதிதான் தீர்மானித்திருக்கிறது.

பேச்சிப்பாறையிலிருந்து தொடங்குவோம். மூலம் திருநாள் காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் முடித்த அணை. மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோதையாற்றுத் தண்ணீர் நாஞ்சில் நாட்டு வயலுக்குப் போனது. அணையைச் சுற்றிய மலைகளில் குடியிருப்பு குடியிருப்பாக வாழ்கிறவர்கள் காணிக்காரர்கள். குமரி மாவட்டத்துக் காணிக்காரர் பட்டியல் பழங்குடியினர். குடியிருப்புக்கு மூட்டுக்காணி தலைவர். இல்லம் பார்த்துத்தான் கெட்டு. ஒரே இல்லத்துக்குள் கெட்டு கிடையாது. ஊர் கூடி, துணி கொடுத்து, சோறு போட்டு நடக்கிறது. சண்டை வந்தாலும் தீர்ப்பது ஊர் கூடித்தான்.

இவர்களுக்கு 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, பட்டியல் பழங்குடியினரை வெளியே நிறுத்துகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது: உங்கள் வழக்கம் உங்களுக்கு, நாங்கள் கை வைக்கவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போனால் அதே வழக்கத்தை 'நிரூபி' என்கிறார்கள். யாரிடம் நிரூபிப்பது? மூட்டுக்காணியின் வாய்ச்சொல்லா, சென்னை மியூசியத்தில் சூப்பரின்டெண்டாக இருந்த தர்ஸ்டன் 1909இல் அச்சிட்ட சாதிகள் பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளா? மலையில் பிறந்து வளர்ந்தவன் சொல்வதைவிட, வந்து பார்த்துவிட்டுப் போனவன் எழுதிய புத்தகத்துக்கு எடை கூடுதல் என்ற நிலைமைதான் நடைமுறை.

இது இன்று நேற்று வந்த நிலைமை அல்ல. தென் திருவிதாங்கூரில் சோரத்தை விசாரிக்க மிகப் பெரிய ஏற்பாடே இருந்தது, ஆனால் மேலே இருந்தவர்களுக்கு மட்டும். நம்பூதிரிப் பெண் தவறிவிட்டாள் என்றால் ஸ்மார்த்த விசாரம். 1905இல் கொச்சியில் நடந்த தாத்ரி விசாரம் அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களைச் சாதிக்கு வெளியே தள்ளியதால் இன்றும் பேசப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி ஆண்களுக்கான சோதனை நடந்த இடம் நம்முடைய சுசீந்திரம். கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் சுத்தன். 'கைமுக்கு' என்று அதற்குப் பெயர். சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) அதை நிறுத்தினார்கள். பிராமண ரத்தம் கலந்துவிடக் கூடாது என்ற பயத்துக்காக ஒரு கோயில், ஓர் அடுப்பு, ஒரு சடங்கு, அரசாங்க ஒத்தாசை எல்லாம் இருந்தன.

இதே நாட்டில் புலைப்பேடி, மண்ணாப்பேடி என்ற வழக்கமும் இருந்தது. வருஷத்தில் குறிப்பிட்ட காலத்தில், இருட்டின பிறகு தனியாக வெளியே வந்த மேல்சாதிப் பெண்ணைப் புலையரோ மண்ணாரோ தொட்டாலோ, கல்லெறிந்து பட்டாலோ, அவள் சாதி போய்விடும். தொட்டவனோடு போக வேண்டியதுதான். 1696இல் கேரளவர்மா அதைத் தடை செய்து திருவிதாங்கோட்டில் கல்வெட்டு வைத்தார். அந்தப் பெண்ணிடம் யாரும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஒரு சிறு கல் மேலே பட்டதே முழு நிரூபணம். தலித் கை பட்டால் சாட்சியே தேவையில்லை என்பது அன்றைய சாட்சியச் சட்டம்.

சரி, புலையருக்கும் பறையருக்கும் உள்ளே நடந்த கெட்டுக்கு என்ன மதிப்பு? 1855 ஜூன் 24இல் உத்திரம் திருநாள் அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வெளியிடும்வரை, அடிமைச் சாதிகள் நிலத்தோடு சேர்த்தும் சேர்க்காமலும் விற்கவும் ஒற்றி வைக்கவும் கூடிய சொத்து. புருஷன் ஓர் உடைமைக்காரனிடமும் பெண்டாட்டி இன்னோர் உடைமைக்காரனிடமும் பிள்ளை மூன்றாவது ஒருவனிடமும் இருக்க முடிந்தது. 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்த லண்டன் மிஷன்காரர்களும், அதற்கு முன்பே மயிலாடியிலிருந்து அவர்களைத் தேடிப்போய் அழைத்த, பறையர் குலத்தில் பிறந்த வேதமாணிக்கமும் வேலை செய்த காலத்தின் நிலைமை இதுதான். விற்கப்படுகிறவர்களுக்குள் நடந்த கல்யாணம் விற்கிறவனைக் கட்டுப்படுத்தவில்லை. கல்யாணம் இல்லாத இடத்தில் சோரமும் இல்லை. தம்பிரான் குடிசைக்குள் நுழைந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. நம்பூதிரி வீட்டில் நடந்தால் கொதிக்கும் நெய், சேரியில் நடந்தால் எதுவுமே நடக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் சட்டம் எழுதத் தொடங்கியது. நாயர்களுக்கு 1912இல் ஒன்று, 1925இல் ஒன்று. ஈழவர்களுக்கு 1925இல். நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கு 1926இல். சம்பந்தம் என்றும் புடவை கொடுத்தல் என்றும் வெள்ளைக்காரனும் பிராமணனும் இளக்காரமாகப் பேசிய உறவு, ஒரே ஒரு ரெகுலேஷனால் 'சட்டப்படியான விவாகம்' ஆனது. மருமக்கள் வழியின் கொடுமையைக் கவிமணி பாட்டாகவே எழுதியிருந்தார். அந்தச் சமூகத்துக்குள் கிளர்ச்சி நடந்தது, சட்டசபையில் குரல் இருந்தது, சட்டம் வந்தது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குள் நியமனமாகப் போன அய்யன்காளி, பள்ளிக்கூடத்துக்கும் ஒரு துண்டு நிலத்துக்கும் வழிநடப்புக்கும் போராட வேண்டியிருந்தது. கல்யாணச் சட்டம் கேட்கிற இடத்துக்கு அவரால் வந்து சேர முடியவில்லை. புலையருக்கும் பறையருக்கும் காணிக்காரருக்கும் அப்படி ஒரு ரெகுலேஷன் வரவில்லை.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். எழுதப்பட்ட வழக்கம் சட்டம் ஆகிவிட்டது. அதை யாரும் நிரூபிக்க வேண்டாம், ஜட்ஜ் புத்தகத்தைத் திறந்தால் போதும். எழுதப்படாத வழக்கம் வெறும் 'சங்கதி'யாக நின்றுவிட்டது. ஒவ்வொரு கேஸிலும் முதலிலிருந்து சாட்சி போட வேண்டும். நாயர் கல்யாணமும் காணிக்காரர் கல்யாணமும் ஒரே மாதிரி துணி கொடுத்து நடந்திருந்தாலும் ஒன்று சட்டம், மற்றது சந்தேகம்.

மலைக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரன் ஆண்ட தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 1868இல் ராமநாதபுரம் சேதுபதி வம்ச வழக்கில் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபித்த வழக்கம் சாஸ்திர வாசகத்தை வெல்லும் என்று சொன்னது. 1872இல் திருநெல்வேலி ஜமீன் வழக்கு ஒன்றில் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தினார்கள்: வழக்கம் பழமையானதாகவும் மாறாததாகவும் இருக்க வேண்டும், ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் வேண்டும். இரண்டும் ஜமீன் சொத்துக்கான வழக்குகள். ஜமீனுக்குச் செப்பேடு உண்டு, வக்கீல் உண்டு, லண்டன்வரை போகப் பணம் உண்டு. அவர்களுக்காக வெட்டிய அளவுகோல், எழுதப் படிக்க விடாமல் தடுக்கப்பட்ட சாதிகள் மேலும் அப்படியே விழுந்தது.

மணமுறிவில் இது இன்னும் கூர்மையானது. 1864இல் பம்பாய் ஹைகோர்ட், கோலி சாதியில் பெண் புருஷன் சம்மதம் இல்லாமலே விட்டுவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொள்கிற வழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று செல்லாததாக்கியது. அவள் சாதி அவளைப் புதுப் பெண்டாட்டியாக ஏற்றிருந்தது. கோர்ட்டு அவளைக் குற்றவாளி என்றது. 1894இல் சென்னை ஹைகோர்ட் ஓரளவு இறங்கி வந்தது: பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு பேரும் ஒத்துப் பிரிகிற சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஒன்றும் இல்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கணக்கு புரியும். ஆண் சம்மதித்தால் வழக்கம் செல்லும், பெண் தானாகப் போனால் அது சோரம். சாஸ்திரக் கண்ணாடி போட்ட கோர்ட்டு எந்த வழக்கத்தை விட்டது, எந்த வழக்கத்தை வெட்டியது என்பதில் பார்ப்பனியமும் ஆணாதிக்கமும் ஒன்றாகக் கைகோத்து நிற்கின்றன.

'அறுத்துக் கட்டுற சாதி' என்று நம்மைக் கேவலமாகச் சொல்வார்கள். அந்த வசவுக்குள்ளே ஓர் உண்மை இருக்கிறது. தாலியை அறுத்துப் போட்டுவிட்டு இன்னொரு தாலி கட்டிக்கொள்ள நம் பெண்களுக்கு வழி இருந்தது. விதவையை மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்காத பண்பாடு அது. இந்துச் சட்ட மசோதா விவாதத்தில் அம்பேத்கர் இதைத்தான் எடுத்து வைத்தார்: இந்துக்களில் பெரும்பாலோர் சூத்திரர், அவர்கள் வழக்கத்தில் மணமுறிவு ஏற்கனவே இருக்கிறது, மேல்சாதிக்காரர் எதைப் புதுசு என்று பயப்படுகிறார்கள்? 1951இல் அந்த மசோதாவுக்காகவே மந்திரி பதவியை விட்டு வெளியே வந்தார்.

1955இல் வந்த சட்டம் 29(2) பிரிவில் வழக்கமுறை மணமுறிவைக் காப்பாற்றி வைத்தது. 7ஆம் பிரிவு, எந்தத் தரப்பின் வழக்கப்படி சடங்கு செய்தாலும் கல்யாணம் செல்லும் என்றது. ஆனால் 3(அ) பிரிவில் வழக்கம் என்றால் என்ன என்று சொல்லும்போது பழைய ஜமீன் அளவுகோலையே எடுத்து வைத்தது: நெடுங்காலம், தொடர்ச்சி, ஒரே சீர், நிச்சயம், நியாயம். 1965இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், இரண்டாம் கல்யாணம் செய்தவனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. காரணம், அக்கினியும் ஏழடியும் இல்லை, அவை வேண்டாம் என்கிற வழக்கமும் நிரூபிக்கப்படவில்லை. 1966இல் இமாசல வழக்கில், இரண்டாம் கல்யாணம் நடந்ததாக எதிரி ஒத்துக்கொண்டதே போதிய சாட்சியம் ஆகாது என்றது. முதல் பெண்டாட்டி அழுதுகொண்டு நிற்க, சடங்கு குறைந்ததால் புருஷன் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான்.

தமிழ்நாட்டில் இந்த முடிச்சை அவிழ்த்தது சுயமரியாதை இயக்கம். 1953இல் சென்னை ஹைகோர்ட் சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்றது. நேற்று உண்டான முறை வழக்கம் ஆகாது என்பது வாதம். பழமையானதாக இருந்தால் 'நிரூபி', புதுசாக இருந்தால் 'செல்லாது'. அண்ணா ஆட்சியில் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 7அ பிரிவு இதற்குப் பதில். உறவினர், நண்பர், வேறு யார் முன்னாலும் மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால் போதும். 2001இல் தமிழ்நாட்டு இருதார வழக்கு ஒன்றில் ஏழடி இல்லை என்று தப்பிக்கப் பார்த்தவனை உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டியே பிடித்தது. 2023இல் ஊரறியச் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை என்றது. சேரியில் நடக்கிற கல்யாணங்களுக்கு இது பெரிய கவசம்.

ஆனால் இந்தக் கவசம் பேச்சிப்பாறை மலை ஏறவில்லை. 7அ இந்துத் திருமணச் சட்டத்தின் உறுப்பு. அந்தச் சட்டமே காணிக்காரருக்கு இல்லை. தலித் கிறிஸ்தவர்களுக்கும் இல்லை. 1869ஆம் வருஷத்து மணமுறிவுச் சட்டம், புருஷன் பெண்டாட்டியின் சோரத்தை மட்டும் காட்டினால் போதும் என்றும், பெண்டாட்டி புருஷனின் சோரத்தோடு கொடுமையோ கைவிட்டதோ வேறொன்றும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்றும் வைத்திருந்தது. 2001இல்தான் அதைத் திருத்தினார்கள்.

அதே 2001இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கைக் குமரி மாவட்டத்துத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். புருஷன் இரண்டாவது கட்டிக்கொண்டான் என்று புகார் கொடுத்தாள். அவன் சந்தால். பழங்குடியினருக்கு இந்துச் சட்டம் இல்லை. இரண்டாம் கல்யாணம் செல்லாது என்று சொல்கிற வழக்கம் உங்கள் சமூகத்தில் இருப்பதை நீ வாதத்தில் சொல்லவில்லை, நிரூபிக்கவில்லை என்று கேஸ் தள்ளுபடி. இன்னொரு பக்கம் 2021இல் தில்லி ஹைகோர்ட், மீணாப் பழங்குடித் தம்பதி இந்துச் சடங்குப்படி கட்டிக்கொண்டதால் இந்துச் சட்டமே பொருந்தும் என்றது. ஆக, சடங்கு செய்தால் 'நீ இந்துவாகிவிட்டாய்', செய்யாவிட்டால் 'உன் வழக்கம் எங்கே'. இரண்டு வாசலுக்கும் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது.

இனி சோரம். 1955இல் 'சோரத்தில் வாழ்ந்து வருதல்' மணமுறிவுக்குக் காரணமாக இருந்தது. 1976 திருத்தத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை நடந்தாலும் போதும். நேரில் பார்த்த சாட்சி இதற்குக் கிடைக்காது என்று கோர்ட்டுகளே சொல்கின்றன. சூழ்நிலையை வைத்து ஊகிப்பார்கள். யாருடைய சூழ்நிலை ஊகத்துக்கு எளிதாக இடம் கொடுக்கும்? விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவள், கங்காணியோடு பேச வேண்டியவள், ஒற்றை அறைக் குடிசையில் இருக்கிறவள், சந்தைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவள். உழைக்கிற பெண்ணின் முழு வாழ்க்கையுமே சந்தேகத்துக்கான 'சந்தர்ப்பம்' ஆகிவிடுகிறது. மாடியும் மதிலும் உள்ள வீட்டில் அப்படி இல்லை.

ஜீவனாம்ச வழக்கில் ஆணின் தந்திரம் இரட்டை. முதலில் "இவ என் பெண்டாட்டியே இல்ல" என்பான். அது எடுபடாவிட்டால் "இவ சோரம் போனவ" என்பான். இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். பெண்டாட்டி இல்லாதவள் மேல் சோரக் குற்றம் சாட்ட முடியாது. சோரம் என்று வாயெடுத்தவன் கல்யாணத்தை ஒத்துக்கொண்டான். நம் வக்கீல் தோழர்கள் குறுக்கு விசாரணையில் இந்த இடத்தை விடக் கூடாது. தொடர்ந்து 'சோரத்தில் வாழ்ந்தால்' மட்டுமே ஜீவனாம்சம் மறுக்கலாம். பழைய 125(4), இப்போதைய பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144(4) இரண்டுமே அப்படித்தான் சொல்கின்றன. ஒரு தடவை தவறியதை வைத்துச் சோற்றைப் பறிக்க முடியாது.

2010இல் கோயம்புத்தூர் ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 'வைப்பு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தீர்ப்பிலேயே போட்டது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் கோர்ட்டிலேயே அதை எதிர்த்தார். கல்யாணத்தை நிரூபிக்க முடியாத பெண்ணுக்குச் சட்டம் தருகிற பெயர் அதுதான். அதே வருஷம் வேறோர் அமர்வு, வழக்கமுறைக் கல்யாணம் பற்றிய வழக்கில், ஜீவனாம்சத்துக்குக் கடுமையான நிரூபணம் கேட்கக் கூடாது என்று கருதிப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 2018இல் சோரம் கிரிமினல் குற்றம் என்ற 497ஆம் பிரிவு ஒழிந்தது. ஆனால் மணமுறிவுக் காரணமாக அது அப்படியே நிற்கிறது.

வழக்கத்தை நாம் புனிதமாக்க வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சோரம் என்று பேச்சு வந்தால் பெண்ணுக்குத் தெண்டம், ஆணுக்குப் புத்திமதி என்பது நம் சேரிகளிலும் நடக்கிறது. வழக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பெண்ணைக் காவு கொடுக்கிற வேலையை நாம் செய்யக் கூடாது. பெண்ணுக்குக் கதவைத் திறந்து வைக்கிற வழக்கம் எது, அடைக்கிற வழக்கம் எது என்று பிரித்துப் பார்க்கிற பொறுப்பு நமக்குத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை சில உண்டு. சாட்சியச் சட்டத்தின் பழைய 48ஆம் பிரிவு (2024 ஜூலை முதல் பாரதீய சாக்ஷ்ய அதினியத்தின் 42ஆம் பிரிவு), ஒரு வழக்கத்தை அறிந்திருக்கக்கூடியவரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. ஆக மூட்டுக்காணியும் ஊர்க் கிழவியும் சட்டப்படியே நிபுணர்கள். அவர்களைக் கூண்டில் ஏற்றுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வழக்கமான சாட்சிய விதியில் அடங்காத ஆவணத்தையும் எடுத்துக்கொள்ள ஜட்ஜுக்கு அதிகாரம் தருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே கூரையில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களைக் கல்யாணம் ஆனவர்கள் என்றே கருத வேண்டும் என்பது 1881இல் இலங்கைத் தமிழர் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது. 1978இல் நம் உச்ச நீதிமன்றமும் ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஜோடியின் வழக்கில் அதைச் சொன்னது. ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இதற்கு உதவும். 2009ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாக் கல்யாணத்துக்கும் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவில், வழக்கப்படி நடந்த கல்யாணத்தையும் பதிந்துகொண்டால் மணமுறிவுக்கும் எழுதிய சட்டம் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கத்தை நாமே எழுத வேண்டும். காணிக்காரர் எப்படிக் கெட்டுகிறார்கள், எப்படித் தீர்க்கிறார்கள், தீர்ந்த பெண்ணுக்குப் பாத்திரமும் நிலமும் பிள்ளையும் எப்படிப் பிரிகிறது என்பதை அவர்கள் வாயாலேயே, முக்கியமாகப் பெண்கள் வாயாலேயே, தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். படித்த காணிக்காரப் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த வேலை போக வேண்டும்.

ஊரில் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பறையடித்தவன் பறையன், மாற்று விரித்தவன் வண்ணான், முகம் வழித்தவன் நாவிதன். மேல்சாதிக் கல்யாணம் நடந்ததற்கு உயிருள்ள சாட்சிகள் அவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாட்சி கேட்கிற கோர்ட்டு, அவர்கள் வாயிலிருந்து வருகிற சாட்சியத்தை முதலில் காது கொடுத்துக் கேட்கட்டும்.